ஃபைபர் தரையில் ஊன்றிய கூண்டு

தஞ்சாவூர்
18 நவம்பர் 2024

துரைராசு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். கை எப்படி உடைந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஜாக்கி நழுவியது என்றேன். என் மனைவி ஜெயபாரதி கேட்டாள், அவளிடமும் ஜாக்கிதான். இனி அந்தப் பொய் கிடையாது. என் பட்டறையில், நான் வளைத்து வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்து, என் வலது மணிக்கட்டில் அடித்தவன் நீ. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வேறு எண்ணிலிருந்து குரல் பதிவு அனுப்பினால் கீழ்வேளூர் டீக்கடையில் போட்டுக் காட்டுவாய். அதனால் பதிவுத் தபால். இதை நாளைக்கு வேறு யாரும் படிக்க நேரலாம் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய நீ ஒரு கிட் காரைப் பாகம் பாகமாக வரவழைத்து வீட்டிலேயே பூட்டினாய். அடியில் இரும்புச் சேஸிஸ், மேலே ஃபைபர் பாடி. சாலையில் ஓட்டினால் அதுவே போதும். ஆனால் உன் மகள் குந்தவை பிப்ரவரியில் அதை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்றாய். அதற்கு ரோல் கேஜ் வேண்டும். கார் உருண்டால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்க, குழாய்களை வளைத்துக் கட்டும் கூண்டு. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், அதே கல்லூரியில் பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவன், இப்போது சொந்தப் பட்டறை வைத்திருப்பவன் என்று என்னைத் தேடி வந்தாய். அளவெடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். எல்லோருக்கும் டபராவில் காபி வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப். குடித்தேன். உன் மகள் "மாமா, சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் குடித்தேன்.

பிறகு காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாய். அங்கேதான் அதன் தரையைப் பார்த்தேன். சேஸிஸின் இரண்டு இரும்புச் சட்டங்களும் நடுவில் குறுகலாக ஓடுகின்றன. கூண்டின் கால்கள் அவற்றுக்கு வெளியே, வெறும் ஃபைபர் தரையில் வந்து நிற்கின்றன. பாடியைத் தூக்கிவிட்டு, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் இரும்புக் கைகள் நீட்டி, அவற்றின்மேல் கால்களை நிறுத்த வேண்டும் என்றேன்.

"பாடியைத் தூக்கினா பெயின்ட் விரிசல் விட்டுடும்டா. மேல ஒரு பிளேட், கீழ ஒரு பிளேட், நடுவுல போல்ட்டு. டிராக்டருக்குக் கூரை போடறதில்லையா?"

"டிராக்டர் கூரை வெயிலுக்குப் போடறது. இது உன் மக கழுத்துக்கு."

"என் மகளைப் பத்தி நீ பேசாத. அவ உன்னை மாமான்னு கூப்பிடறதே எனக்குப் பிடிக்கல."

இதற்கு அப்புறம்தான் குழாய். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது, பச்சை மூங்கிலைப் பிளப்பதுபோல.

காரைத் திருப்பிக் கொண்டுவா. உன் முகத்தைக்கூட நான் பார்க்க வேண்டியதில்லை. ஒற்றைக் கையால் வேலையை முடித்துத் தருகிறேன்.

வளவன்


கீழ்வேளூர்
27 நவம்பர் 2024

வளவா,

கையால எழுதற பழக்கம் எனக்கு விட்டுப்போச்சு. போனில் அடித்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து அனுப்புகிறேன். உன் இடது கை எழுத்து வயலில் நண்டு ஓடிய மாதிரி இருக்கிறது. ஆனாலும் முழுசாகப் படித்தேன்.

எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டாயே, வாத்தியாரே. என் முன்பல் இரண்டும் எங்கே? அதையும் எழுதியிருக்கலாம் இல்லையா? நான் பேசி வாயை மூடுவதற்குள் பெரிய ஸ்பேனரால் என் வாயில் போட்டாயே, அதற்கு அப்புறம்தான் குழாய் என் கைக்கு வந்தது. கீழே விழுந்த பல்லைக் காலால் தள்ளிவிட்டாய். நான் பார்த்தேன். குந்தவையும் பார்த்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அளவு கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. அந்தச் சிவப்பு பெயின்டில் வழிந்த என் ரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்தது அவள். இப்போது உன்னை மாமா என்று கூப்பிடச் சொல்லிப் பார்.

பேப்பர் கப்பாம்! அதையெல்லாம் மனதில் முடிந்து வைத்திருக்கிறாய். வெளி ஆள் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் பேப்பர் கப்தான். கரன்ட் ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் அதுதான். கல்லூரியில் நீ மார்க் வாங்கினாய், நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதை வாங்கினாலும் உனக்கு வயிறு எரிகிறது. ஒரு சிவப்புக் காரைப் பார்த்ததும் அது பற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

கூண்டு வேலை முடிந்தது. அம்மாப்பேட்டை அரசப்பன் வந்து போட்டுக் கொடுத்தார். இந்தப் பக்கத்து டிராக்டரில் பாதிக்கு அவர் போட்ட கூரைதான், ஒன்றும் காற்றில் பறக்கவில்லை. மேலும் கீழும் பிளேட், காலுக்கு ஆறு போல்ட். நான் குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். என் எடைக்கே அசையவில்லை. மேலே கார்ப்பெட்டும் ஒட்டியாச்சு. பார்க்க வெளிநாட்டுக் கார் மாதிரி இருக்கிறது.

பல்லுக்காக ஸ்டேஷனில் உன்மேல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேஸ் நடக்கும். அதுவரை எனக்குப் பொறுமை இருக்கும் என்று நினைக்காதே.

துரைராசு


தஞ்சாவூர்
12 டிசம்பர் 2024

துரைராசு,

உன் பொறுமை திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தது. வெள்ளை ஜீப்பில் வந்தது. நான் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அது உன் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெயபாரதி மட்டும் இருந்தாள்.

"யாருங்க நீங்க? அவர் இல்லீங்களே."

"தெரியும்மா. பல்லுக்குப் பல்லு எடுக்க வந்தோம். நீங்க ஒதுங்கிக்குங்க."

அவள் ஒதுங்கவில்லை. வெல்டிங் மெஷின்மேல் சம்மட்டி இறங்கியபோது குறுக்கே போனாள். தள்ளியதில், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் விளிம்பில் நெற்றி பட்டுப் பிளந்தது. புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறது. துளையிடும் மெஷினின் தலையைத் தனியாக உடைத்து எடுத்து வாசல் சாக்கடையில் போட்டுவிட்டுப் போனார்கள். சட்டினியாக நசுங்கிய சாமான்களைக் கூட்டி அள்ளும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: ஸ்பேனர் சின்னதாகப் போயிற்று. உன் பல்லுக்காக எனக்கு வருத்தமில்லை. நீ அதை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போ. நீ சொன்ன வரிசையே சரி, நான்தான் முதலில் அடித்தேன். மறுபடியும் அந்தப் பேச்சைப் பேசினால் மறுபடியும் அடிப்பேன். "வெளி ஆள்" என்று எழுதினாயே, அந்தச் சொல்லுக்கு நன்றி. இத்தனை வருஷம் அதற்கு வேறு பெயர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸை அவர்களால் அசைக்க முடியவில்லை. அது உன் துரதிர்ஷ்டம்.

பெடல்களைப் பின்னுக்குத் தள்ளி வைக்க உன் கார்த் தரையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தோமே, அது மூலையில் கிடந்தது. அதே ஃபைபர், அதே கனம். அரசப்பன் போட்டதாக நீ எழுதியபடியே மேலும் கீழும் பிளேட் வைத்து, ஆறு போல்ட் முறுக்கி, குழாய்த் துண்டை நிறுத்திப் பிரஸ்ஸில் அழுத்தினேன். முதலில் முனகல் மாதிரி ஒரு சத்தம். பிறகு பிளேட்டைச் சுற்றி வெள்ளையாக வெளுத்தது. உன் காரின் எடையில் பாதிகூட ஏறவில்லை, பிளேட் போல்ட்டோடு தரையைக் கிழித்துக்கொண்டு அடிப்பக்கம் போய்விட்டது. அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார். விளிம்பு கையைக் கிழிக்கும்.

குழாயைப் பிடித்துத் தொங்கினாயாம். கார் தலைகீழாக வந்து தாரில் மோதும்போது தொங்குவது நீ இல்லை. முழுக் காரும் வேகத்தோடு அந்தக் கால்கள்மேல் இறங்கும். கால்கள் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். கால் எத்தனை சாண் வெளியே போகிறதோ, தலைக்கு மேலுள்ள குழாய் அத்தனை சாண் உள்ளே வரும். அவள் ஹெல்மெட்டுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே நான் அளந்தபோது நான்கு விரல் இடம் இருந்தது. சாயலாம், குனியலாம் என்று நினைக்காதே. பெல்ட் அவளைச் சீட்டோடு இறுக்கி வைத்திருக்கும். முதுகெலும்பு எந்த இடத்தில் மடியும் என்பதைக்கூட என்னால் எழுத முடியும். உன் மகள் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

வேறு யாரிடமாவது கொடு. திருச்சியில் கொடு, கோயம்புத்தூரில் கொடு. என்னிடம் வேண்டாம். ஆனால் பாடியைத் தூக்காமல் அந்தப் பெண்ணை அதில் ஏற்றாதே.

வளவன்


கீழ்வேளூர்
3 ஜனவரி 2025

வளவா,

பார்சல் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மழையில் சம்பா மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீரை வடிய விட மடையில் நின்றுகொண்டிருந்தேன். பார்சலைக் குந்தவை பிரித்துவிட்டாள். கடிதத்தையும் படித்துவிட்டாள்.

நான் சேற்றுக் காலோடு உள்ளே வந்தேன். அந்தத் துண்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இது நம்ம கார்த் தரையா?"

"ஆமா."

"இப்படித்தான் கிழியுமா?"

"பொறாமையில ஏதாவது சூட்டுல வாட்டி அழுத்தியிருப்பான். அவன் புத்தி அப்படி."

"அப்ப சரி. உங்க வாயைக் கிழிச்ச ஆளு எழுதினா நான் பயந்து உட்கார்ந்துடணுமா? நான் ஓட்டறேன்."

எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. எழுதுவதற்கு என்ன, உன்னை ஜெயித்துவிட்டதாகக்கூட இருந்தது. மறுநாள் அவள் நாகப்பட்டினம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் கார்ப்பெட்டை ஒரு மூலையில் பிய்த்துப் பார்த்தேன். பிளேட்டைச் சுற்றி வெள்ளைக் கோடுகள். முடி மாதிரி மெல்லிசாக, வட்டமாக. நீ எழுதிய அதே வெளுப்பு. இரண்டு வேகத்தடை ஏறி இறங்கியதற்கே அப்படி. மறுபடி ஒட்டி வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, இந்த வருஷம் ரேஸ் வேண்டாம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அவள் சோற்றை வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள். "அப்ப அவர் சொன்னது சரியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்ற ஒரு வார்த்தைதான். இல்லாத பல் இடுக்கில் அது மாட்டிக்கொண்டது. அவள் மறுபடி கேட்டாள், இன்னும் சத்தமாக. நான் அறைந்துவிட்டேன். அவளுக்கு இருபத்துமூன்று வயசு, அதுவரை கை வைத்ததே இல்லை. உதடு கிழிந்து ரத்தம் தட்டில் சொட்டியது. "அவரும் அடிக்கிறார், நீங்களும் அடிக்கிறீங்க, பதில் மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இப்போது அவள் எனக்காக ஓட்டவில்லை. உன்னை எதிர்த்து, என்னையும் எதிர்த்து ஓட்டப்போகிறாள்.

டிராக்கில் சோதனை பண்ணுகிற அதிகாரிகள் முடியாது என்று சொன்னால் ஒழிய அவள் நிற்க மாட்டாள். அவர்கள் குழாயின் கனம் பார்ப்பார்கள், பெல்ட் பார்ப்பார்கள், ஹெல்மெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். கார்ப்பெட்டைத் தூக்கப் போவதில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சமாதானத்துக்கு என்று எடுத்துக்கொள்ளாதே. உன் மனைவி விஷயத்தில் நான் அனுப்பிய ஆட்கள் எல்லை மீறிவிட்டார்கள், அதை மட்டும் சொல்கிறேன். கீழ்வேளூர்ப் பக்கம் நீ தலை காட்டினால் காலை உடைப்பேன்.

துரைராசு


தஞ்சாவூர்
22 ஜனவரி 2025

துரைராசு,

உடைந்தது கால் இல்லை, விலா எலும்பு. மூச்சை இழுத்தால் உள்ளே யாரோ கத்தியைத் திருப்புவதுபோல் இருக்கிறது. அதனால் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

வராதே என்று நீ எழுதியும் வந்தேன். கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு வந்தேன். உன் ஷெட்டில் புகுந்து கூண்டின் பெரிய வளைவை இரண்டு பக்கமும் அறுத்துப் போட்டுவிட்டால், பிப்ரவரிக்குள் யாராலும் திருப்பி ஒட்ட முடியாது என்று கணக்குப் போட்டேன். பட்டப்பகலில், கோயிலில் பொங்கல் கூட்டம் இருக்கும்போது. பிளக்கைச் சொருகுவதற்குள் உன் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். அவர்கள் என்னை நெல் மூட்டைமேல் போட்டு மிதித்தபோது நீ தூணில் சாய்ந்து நின்றாய். கட்டியிருந்த புதுப்பல் அழகாக இருந்தது.

நிறுத்தச் சொன்னது குந்தவை. "போதும், விடுங்க அந்தாளை" என்றாள். என் பக்கத்தில் வந்து குனிந்தாள். உதட்டில் நீ போட்ட காயம் ஆறியிருந்தது. "காரை அறுக்க வந்தீங்களா? எங்க அப்பாவை அறுக்க முடியலைன்னு காரை அறுக்க வந்தீங்களா?" என்றாள். பேச எனக்கு மூச்சு இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கு, கார்ப்பெட்டைத் தூக்கு என்றுதான் சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அவள் என் கிரைண்டரை எடுத்து வாய்க்காலில் வீசினாள். நல்ல கைவீச்சு. ஸ்டீயரிங் பிடிக்கிற கை.

நீ ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம் இது. "அவன் சொன்னது சரி" என்று உன் மகளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் கண்ணாலேயே விரிசலைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி மூடியிருக்கிறாய். அந்த வார்த்தையைச் சொல்வதைவிட, பிப்ரவரியில் அவளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாய். முப்பது வருஷமாக உன்னை வெறுக்கக் காரணம் தேடினேன். மார்க், கார், காபி எல்லாம் சில்லறை. இதுதான் காரணம். கண் முன்னால் நெஞ்சைப் பிளந்து காட்டினாலும் என்னைச் சரி என்று நீ சொல்ல மாட்டாய்.

ஆகவே உன்னை விட்டுவிட்டேன். டிராக்கின் சோதனை அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே கீழே தருகிறேன்.

"ஐயா, பிப்ரவரிப் பந்தயத்துக்குக் கீழ்வேளூரிலிருந்து ஒரு சிவப்புக் கிட் கார் வரும். கூண்டின் குழாய்களைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். கால் நிற்கும் பிளேட்டைச் சுற்றித் தரையில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாது. அடியில் இரும்பு இல்லை, வெறும் ஃபைபர்தான். ஒட்டினாலும் நம்பாதீர்கள், அடியில் சும்மா தகடு செருகியிருக்கிறதா, சேஸிஸோடு சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிளேட்டைச் சுற்றி வட்டமாக விரிசல் விழுந்திருக்கிறது. உருண்டால் கால்கள் தரையைத் துளைத்து வெளியே போகும். ஓட்டும் பெண் கெட்டிக்காரி, அவள்மேல் எந்தக் குறையும் இல்லை. கூண்டை மட்டும் நிராகரியுங்கள். பாடியைத் தூக்கிச் சேஸிஸில் ஊன்றிக்கொண்டு வந்தால் அவளை ஓட விடுங்கள்."

இந்த நகலை நீ படிக்கும்போது அது அங்கே சேர்ந்திருக்கும். கார்ப்பெட்டை இன்னும் கெட்டியாக ஒட்டினாலும் பிய்ப்பார்கள். அடியில் இரண்டு இரும்புத் தகட்டை வைத்து ஏமாற்றலாம் என்று நீ நினைத்தால், அதையும் எழுதிவிட்டேன்.

அதன் அடியில் என் பெயரை எழுதினேன். எம்.டெக். பட்டத்தோடு, பதினெட்டு வருஷ ஆசிரியர் வேலையோடு, கொட்டை எழுத்தில் எழுதினேன். நான் எழுதியதால்தான் உன் கார் எல்லார் முன்னாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட வேண்டும், நீ அங்கே நின்று வெட்கப்பட வேண்டும், உன் மகள் என் பெயரை அந்தத் தாளில் படிக்க வேண்டும். அந்த ஆசையில் இந்த உடம்பு கொதிக்கிறது. பொய் சொல்லவில்லை, அவள் உயிரைவிட அந்த ஆசை பெரியதாக இருந்த நிமிஷங்களும் உண்டு.

ஆனால் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் உனக்குப் போன் செய்து யார் இந்த வளவன் என்று கேட்பார்கள். என் பல்லை உடைத்தவர், கேஸ் நடக்கிறது, பொங்கலன்று கிரைண்டரோடு வீடு புகுந்தார் என்பாய். எல்லாம் உண்மை. முன்விரோதம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். குந்தவைக்குத் தெரிந்தால், என்னை எதிர்த்தே அந்தக் காரில் இன்னும் வேகமாகப் போவாள். என் பெயர் இருக்கிற எதையும் அவள் தூக்கிப் பார்க்க மாட்டாள், கார்ப்பெட்டையும்தான்.

கார் திரும்பி வந்தபின் யார் எழுதியது என்று அவள் கேட்பாள். உனக்குப் பிடித்த பொய்யைச் சொல்லிக்கொள். என்னைத் திட்டிக்கொண்டே அவள் நாற்பது, ஐம்பது வயசு வரை இருக்கட்டும். உன்னை மன்னிக்கவில்லை. ஜெயபாரதியின் நெற்றித் தழும்பைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் மன்னிக்கப்போவதில்லை. கோர்ட்டில் பார்ப்போம், அங்கே என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள்.

அந்தப் பக்கத்தை இப்போது புதுத் தாளில் மறுபடி எழுதி முடித்தேன். கடைசி வரிக்குக் கீழே பேனா தானாகவே போய் நின்றது. எடுத்துவிட்டேன். உறையை ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமலேதான் அதைத் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.